எல்பாஃப் தொடங்கும் முன்: ஒன் பீஸ் அனிமே குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

டோயெ அனிமேஷனில் ஒன் பீஸ் தொடரை உருவாக்கும் இயக்குநர்கள், திரைக்கதை எழுதுவோர், ஸ்டோரிபோர்டு (காட்சித் திட்டப் படங்கள்) வரைவோர், அனிமேட்டர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வாராவாரம் எய்இச்சிரோ ஓடாவின் ஒன் பீஸ் மாங்காவை, அதாவது சித்திரக்கதையைப் படித்துவிட்டு, அதே காட்சி உங்கள் கையில் எப்படி உயிர்பெறும் என்று காத்திருக்கும் தமிழ் ரசிகர்கள் எழுதும் மடல் இது. அனிமே மட்டும் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எக்ஹெட் கதைப்பகுதிக்குப் பிந்தைய மாங்கா நிகழ்வுகள் இங்கே வெளிப்படையாக வரும். தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள்.

2025 அக்டோபரில் நீங்கள் அறிவித்த முடிவை மனதார வரவேற்கிறோம். 1999 அக்டோபர் 20 முதல் ஏறத்தாழ வாராவாரம் ஓடிய தொடரை ஆண்டுக்கு அதிகபட்சம் 26 எபிசோடுகளாகக் குறைத்து, 2026 ஜனவரி முதல் மார்ச் வரை நிறுத்திவைத்து, ஏப்ரலில் ராட்சதர்களின் நாடான எல்பாஃபில் நடக்கும் கதைப்பகுதியைத் தொடங்குவது என்பது எளிதில் எடுக்கக்கூடிய முடிவு அல்ல. மாங்காவின் வேகத்துக்கு அனிமேயை நெருங்கச் செய்வதே நோக்கம் என்றீர்கள். அந்த நோக்கம் நிறைவேற, ஒரு எபிசோடுக்கு ஓர் அத்தியாயம் என்று அளந்து வைப்பது மட்டும் போதாது. எந்த அத்தியாயத்தில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று பார்த்து நேரம் ஒதுக்கவேண்டும். இந்த மடலின் கோரிக்கை அதுதான்.

முதலில் பழைய கணக்கைப் பார்க்கலாம். டிரெஸ்ரோசா கதைப்பகுதி மாங்காவில் 700 முதல் 801 வரை, 102 அத்தியாயங்கள். அனிமேயில் 629 முதல் 746 வரை, 118 எபிசோடுகள். வானோ 909 முதல் 1057 வரை, 149 அத்தியாயங்கள். அது சுமார் 190 எபிசோடுகளாக வந்தது. சராசரியாக ஒரு எபிசோடுக்கு முக்கால் அத்தியாயத்துக்குச் சற்றே கூடுதல். ஓடாவின் அத்தியாயம் இப்போது பொதுவாக 17 பக்கம். அப்படியானால் வானோவில் ஒரு எபிசோடுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 13 பக்கம். 24 நிமிடத்தில் தொடக்கப் பாடல், முன்கதைச் சுருக்கம், அடுத்த வார முன்னோட்டம் எல்லாம் போக மிஞ்சுவது 17, 18 நிமிடம். வகுத்துப் பார்த்தால் ஒரு பக்கத்துக்கு 80 நொடி. வாசகர் அதே பக்கத்தை இருபது நொடியில் புரட்டிவிடுகிறார்.

இந்த 80 நொடியை நிரப்புகிற பாரம் ஸ்டோரிபோர்டு வரைபவர் தலையில்தான் விழுகிறது. எபிசோடின் நீளம் நொடிக்கணக்காக முடிவாவது அவருடைய மேசையில். பதின்மூன்று பக்கத்தை வைத்துக்கொண்டு பதினேழு நிமிடத்தை நிரப்பு என்றால் அவர் என்ன செய்வார்? நாயகன் லூஃபி ஒரு குத்து விடுகிறான். பார்த்துக்கொண்டிருக்கும் இருபது பேரின் முகத்தை ஆளுக்கு மூன்று நொடி காட்டினால் ஒரு நிமிடம் போயிற்று. ஓடுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் ஓடுகிறார்கள். நிலைப்படத்தின் மேல் கேமரா மெல்ல நகர்கிறது. போன வாரம் பார்த்த ஃபிளாஷ்பேக் மறுபடி வருகிறது. இதில் அனிமேட்டர்கள் மேல் குற்றமே கிடையாது. திரைக்கதைக்குப் பக்கம் பிரித்துக் கொடுத்தபோதே நடந்த பிழை அது. எந்தத் திறமைசாலி வரைந்தாலும் பின்னால் திருத்த முடியாது.

பிரித்துக் கொடுப்பது சரியாக அமைந்தால் என்ன ஆகும் என்பதையும் நீங்களே காட்டியிருக்கிறீர்கள். 2022 ஏப்ரலில் வந்த 1015ஆம் எபிசோடு மாங்காவின் 1000ஆம் அத்தியாயத்தை மையமாகக் கொண்டது. அதை இயக்கிய மெகுமி இஷிதானி மாங்காவில் இல்லாத எத்தனையோ நினைவுகளைச் சேர்த்தார். ஆனால் ஒரு நொடிகூட இழுத்ததாகத் தோன்றவில்லை, ஏனென்றால் சேர்த்தது ஒவ்வொன்றும் ‘கடற்கொள்ளையர் மன்னன் ஆவேன்’ என்ற வாக்கியத்தை லூஃபி சொல்லப்போகும் கணத்தை நோக்கியே நடந்தது. நீட்டுவதும் சேர்ப்பதும் ஒன்றல்ல. 2023 ஆகஸ்ட் 6 அன்று வந்த 1071ஆம் எபிசோடில் லூஃபியின் ஐந்தாம் கியர் வடிவம் ரப்பராய்த் துள்ளியதும் அப்படித்தான்; தாளில் இருந்த சிரிப்புக்கு அசைவு கொடுத்தீர்கள். வானோவின் தோற்றத்தையே மாற்றியமைத்த இயக்குநர் தத்சுயா நாகமினே 2025இல் காலமானார் என்ற செய்தி எங்களை உலுக்கியது. தொடர் நிமிர்ந்து நின்றதில் அவர் பங்கு பெரியது. அவருக்கு எங்கள் அஞ்சலி.

எதிர்த் திசையிலும் உங்களிடமே சான்று இருக்கிறது. 2024 அக்டோபரில் எக்ஹெட்டை நடுவில் நிறுத்திய இடைவெளியில் மீன்மனிதர் தீவுக் கதையை மறுதொகுப்பாக வெளியிட்டீர்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட எபிசோடுகள் 21 ஆகச் சுருங்கின. கதை எங்கும் அறுபடவில்லை. ராணி ஒட்டோஹிமேயின் முடிவு முன்பைவிட ஆழமாகத் தைத்தது, நடுவில் நீர்த்துப்போக நேரமில்லாததால். வெட்டியெறிந்ததில் பெரும்பகுதி முதலிலேயே தேவைப்படாதது என்பதை அந்த 21 எபிசோடுகள் சொல்கின்றன.

மாங்காவை எட்டிப் பிடித்துவிடுவோம் என்ற பயம்தான் இத்தனை ஆண்டு நீட்டலுக்குக் காரணம். அது இனி வேண்டாம். 2025 இறுதியில் அனிமே எக்ஹெட்டை, அதாவது 1125ஆம் அத்தியாயத்தை முடித்தபோது மாங்கா நாற்பதுக்கும் மேற்பட்ட அத்தியாயங்கள் முன்னே போயிருந்தது. ஓடா எடுக்கும் ஓய்வு வாரங்கள், பத்திரிகையின் விடுமுறை எல்லாம் கழித்தால் ஆண்டுக்கு 35 அத்தியாயத்தை ஒட்டி வருகிறது. நீங்கள் 26 எபிசோடில் 26 அத்தியாயம் எடுத்தால் இடைவெளி குறையாது, ஆண்டுக்கு ஒன்பது அத்தியாயம் கூடிக்கொண்டே போகும்.

ஆகவே கை நீட்ட இடமிருக்கிறது. உதாரணத்துக்கு ஒரு பங்கீடு: 26 எபிசோடில் ஆறு எபிசோடுக்கு இரண்டிரண்டு அத்தியாயம் கொடுத்தால் 12 அத்தியாயம். பதினாறு எபிசோடுக்கு ஒன்றொன்று, 16. கனமான இரண்டு அத்தியாயங்களை மட்டும் இரண்டிரண்டு எபிசோடாக விரித்தால் நான்கு எபிசோடு. மொத்தம் 30 அத்தியாயம். அப்போதும் மாங்கா உங்களைவிட வேகமாகவே போகும்.

எல்பாஃபின் தொடக்கம் இரண்டிரண்டாகச் சேர்க்கவேண்டிய இடம். லூஃபி குழுவின் நாமி கண்விழிக்கும் அந்தப் பொம்மைக் கட்டை உலகம், அதன் பிரம்மாண்டப் பூச்சிகள், எல்லாம் ஒரு ராட்சதனின் விளையாட்டுப் பெட்டி என்று தெரியவரும் திருப்பம். வாராவாரம் படித்தபோது நமக்கே அது கொஞ்சம் நீளமாகப் பட்டது. நடுவில் ஓய்வு வாரமும் விழுந்தால் புதிர் ஆறிப்போய்விடும். ஒரே மூச்சில் படித்தால் அதன் வேடிக்கை தெரிகிறது. அந்த ஒரே மூச்சு அனிமேக்குக் கிடைக்கவேண்டும். பெட்டியின் மூடி திறக்கும் காட்சி இரண்டாம் எபிசோடுக்குள் வந்துவிடட்டும். அந்த ராட்சதன் ரோட் சொல்லும் விளக்கங்களில் பாதியைப் பின்னணி ஓவியமே சொல்லிவிடும். சுவரில் கட்டைப் புள்ளிகள் தெரிந்தாலே பார்ப்பவருக்குச் சந்தேகம் எழும், வசனம் தேவைப்படாது.

அங்கிருந்து மிச்சமாகும் நிமிடங்களில் கொஞ்சத்தை லூஃபி குழுவின் உசோப்புக்குக் கொடுங்கள். லிட்டில் கார்டன் தீவில் ராட்சதர்களான டோரியையும் பிராகியையும் பார்த்த நாள் முதல் எல்பாஃபுக்குப் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பவன் அவன். மாங்காவில் இருபது ஆண்டுக்கும் மேலான காத்திருப்பு அது. அவன் முதன்முதலாக அந்த மண்ணில் கால் வைக்கும்போது ஃபிளாஷ்பேக் துணுக்கு எதுவும் வேண்டாம்; அவன் முகத்தில் பத்து நொடி தங்கினால் போதும்.

மறுகோடியில் இருப்பது காட் வேலி தீவுப் போரின் ஃபிளாஷ்பேக். இங்கேதான் நீங்கள் கணக்கை மாற்றிப் போடவேண்டும்.

ஒரு தொலைக்காட்சி எபிசோடுக்குச் சுமார் 300 ஷாட்டுகள். ஓடாவின் சாதாரண அத்தியாயத்தில் பக்கத்துக்கு ஆறு கட்டம் என்று வைத்தால் நூறு கட்டம். கட்டத்துக்கு மூன்று ஷாட். நன்றாகப் பொருந்துகிறது, மூச்சுவிடவும் இடமிருக்கிறது. காட் வேலி அத்தியாயங்களில் பல பக்கங்கள் எட்டு, ஒன்பது கட்டங்களாக நெருக்கப்பட்டவை. ஒரே பக்கத்தில் மூன்று இடங்கள், நான்கு அணிகள். அதே விகிதத்தில் போனால் 450 ஷாட் வேண்டும். அத்தனையையும் ஒரே எபிசோடுக்குள் அடைத்தால் ஒவ்வொன்றும் இரண்டு நொடித் துணுக்காகிவிடும். யார் எங்கே நிற்கிறார் என்றே புரியாது. 38 ஆண்டுக்கு முன் நடந்த அந்த நாளுக்காக, கடற்படையின் செங்கோக்கு 957ஆம் அத்தியாயத்தில் கொள்ளையர் தலைவன் ராக்ஸின் பெயரை விரித்துச் சொன்னதிலிருந்து வாசகர்கள் காத்திருக்கிறார்கள். அதைத் துணுக்குகளாக உதிர்த்துவிடாதீர்கள். இரண்டு எபிசோடாக விரிக்கவேண்டிய அத்தியாயங்கள் என்று மேலே சொன்னவை இங்கேதான் இருக்கின்றன.

விரித்தால் மட்டும் போதுமா? இடம் புரியவேண்டும். தீவின் எந்தக் கரையில் ராக்ஸ் குழு இறங்கியது, ரோஜர் குழு எங்கே, பரிசுப் பொருளாக ஷக்கி என்ற பெண்ணை வைத்திருக்கும் இடம் எது, அடிமைகள் ஓடும் பாதை எது, இத்தனையையும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் உயரத்திலிருந்து ஒரே ஒரு முறை காட்டிவிட்டால், பிறகு எத்தனை வேகமாக வெட்டினாலும் கண் தொலையாது. அதோடு திசை. ஒரு தரப்பு எப்போதும் திரையின் வலப்பக்கத்திலிருந்தும் மறு தரப்பு இடப்பக்கத்திலிருந்தும் வரவேண்டும். மாங்கா வலமிருந்து இடமாக ஓடுவதால் ஓடாவின் பக்கங்களிலேயே இந்த ஓட்டம் இருக்கிறது. கோணத்தை மாற்றும் ஆர்வத்தில் அதை உடைத்தால் கடற்படை வீரர் கார்ப் யாரை நோக்கி ஓடுகிறார் என்பதே குழம்பிவிடும்.

பெயர்ப் பலகை பற்றியும் சொல்லவேண்டும். புது முகம் வந்ததும் படத்தை நிறுத்திப் பெயரை எழுதி, குரலும் வாசிப்பது தொடரின் அழகான பழக்கம். ஒன்றுக்கு ஐந்து நொடி. காட் வேலியில் முப்பது பேருக்கு அப்படிச் செய்தால் இரண்டரை நிமிடம், அதுவும் போர் நடுவில். இளவயது கைடோ, லின்லின், வெள்ளைத்தாடி இவர்களையெல்லாம் நிழலைப் பார்த்தே மக்கள் கண்டுகொள்வார்கள். பலகையை உண்மையிலேயே புதியவர்களுக்கு மட்டும் வையுங்கள். ராக்ஸின் உண்மைப் பெயர் டேவி டி. ஸெபெக் என்று வெளிப்படும் இடத்துக்கு அது கிடைத்தால் தனி எடை வரும்.

இன்னொரு சிக்கல், தொடர்ச்சி. கூமாவின் பார்வையில் காட் வேலியின் ஒரு பகுதியை, 1096ஆம் அத்தியாயத்தின் வழியே, ஏற்கெனவே படமாக்கிவிட்டீர்கள். சிறுவன் கூமா, ஜின்னி, இவான்கோவ், களவாடப்பட்ட அந்தச் சக்தி தரும் பழங்கள். இப்போது அதே நாளை மறுபக்கத்திலிருந்து காட்டப்போகிறீர்கள். வானத்தின் நிறம், புகையின் அடர்த்தி, நிழல் விழும் பக்கம் ஆகியவை பொருந்தாவிட்டால் இரண்டும் இரண்டு வெவ்வேறு நாள் போலத் தெரியும். பின்னணி ஓவியக் குழுவிடம் பழைய பலகைகளையும் நிறப்பட்டியலையும் இப்போதே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பழைய ஷாட்டை அப்படியே ஒட்டாமல் அதே கணத்தை வேறு கோணத்தில் புதிதாக வரைந்தால், கூமா ஓடிக்கொண்டிருந்தபோது பின்னால் என்ன நடந்தது என்று பார்ப்பவரே இணைத்துக்கொள்வார். கடற்படை உடையில் வரும் இளம் டிராகனும் அந்தச் சட்டகத்தின் ஓரத்தில் கடந்து போனால், மாங்கா படித்தவர்களுக்கும் புதிதாக ஒன்று கிடைக்கும்.

ராக்ஸை எப்படிக் காட்டுவது என்பதில் எங்களுக்கு உறுதியான கருத்து உண்டு. ஆண்டுக்கணக்கில் நிழலாக மட்டும் வந்த அரக்கன், பக்கம் திரும்பியதும் மனைவியையும் குழந்தை டீச்சையும் தேடி வந்த தகப்பன் ஆகிறான். முதல் காட்சியிலிருந்தே சிவப்பு ஒளி, இடி, அதிரும் தாளம் என்று வைத்துவிட்டால் அந்தத் திருப்பத்துக்கு எதுவும் மிஞ்சாது. அவனுக்குப் புதிய இசை வேண்டும். கோஹெய் தனாக்காவும் ஷிரோ ஹமாகுச்சியும் தந்த பழைய மெட்டுகள் எங்கள் உயிர். ஆனால் அவை லூஃபியின் கப்பலுக்குச் சொந்தமானவை.

ஒளிப்பூச்சு பற்றி: வானோவின் பிற்பகுதியிலும் எக்ஹெட்டிலும் ஒவ்வொரு அடிக்கும் ஒளிவட்டம், மின்னல், துகள்கள் சேர்ந்தன. சில இடங்களில் அற்புதம். பல இடங்களில் கீழே இருந்த வரைதல் தெரியாமல் போயிற்று. கம்பாசிட்டிங்கில், அதாவது படங்களை ஒன்றுசேர்க்கும் கட்டத்தில், அடுக்கு சேர்ப்பது எளிது, அதனால்தான் கை தானாகவே போகிறது. ஓடா கறுப்பு மின்னலை வரைந்த இடத்தில் மட்டும் மின்னல் என்று ஒரு விதி வைத்துக்கொண்டால், வரும்போது அது உறைக்கும்.

ராட்சதர்களின் அளவு தனிப் பாடம். எல்பாஃபில் ஏறக்குறைய எல்லோருமே பெரியவர்கள். பக்கத்தில் மனிதன் நிற்காதபோது சாதாரண ஆட்களாகத் தெரிந்துவிடுவார்கள். பெரிய உடம்பு மெதுவாகத் தொடங்கி மெதுவாக நிற்கும். கை ஓங்குவதற்கும் இறங்குவதற்கும் நடுவில் சில ஃபிரேம்கள் கூடுதலாக வேண்டும். முடியும் அங்கியும் உடம்புக்குப் பின்னால் தாமதமாக வந்து சேரவேண்டும். காலடிச் சத்தம் கால் படுவதைவிடக் கொஞ்சம் பிந்திக் கேட்டால் தொலைவும் எடையும் ஒன்றாக வரும். கேமரா மனிதனின் கண்மட்டத்தில் இருக்கட்டும். ராட்சத இளவரசன் லோகி சங்கிலியோடு கிடக்கும் இடத்தில் லூஃபியின் தோளுக்கு மேலிருந்து பார்த்தாலே போதும். அவன் தந்தை ஹரால்டின் கதை முழுதும் ராட்சதர்களுக்குள்ளேயே நடப்பதால் அங்கே மட்டும் இந்த விதியைத் தளர்த்தி, அவர்களின் கண்மட்டத்துக்கு ஏறுங்கள். தந்தையைக் கொன்றவன் என்ற பழியைச் சுமக்கும் லோகியை அப்போதுதான் வெறும் மலையாகப் பார்க்காமல் மகனாகப் பார்ப்போம்.

வார இதழ்த் தொடர்கதை படித்து வளர்ந்த மொழி எங்களுடையது. ‘தொடரும்’ என்ற சொல் எந்த வரிக்குக் கீழே விழவேண்டும் என்பதில் ஒரு கலை உண்டு. ஓடா அதைப் புரட்டவேண்டிய பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் செய்கிறார், புரட்டினால்தான் அடுத்தது. அனிமேயில் புரட்டுவதற்குப் பக்கம் இல்லை. நடு இடைவேளைதான் அந்தப் புரட்டல். இத்தனை நாள் அது பதினோராம் நிமிடத்தை ஒட்டி எங்கு விழுமோ அங்கு விழுந்தது. ஸ்டோரிபோர்டு தொடங்கும் முன்பே, அத்தியாயத்தின் மிகப் பெரிய புரட்டல் எது என்று குறித்து இடைவேளையை அங்கே நட்டுவிடுங்கள். அது எட்டாம் நிமிடமாகவோ பதினான்காம் நிமிடமாகவோ இருந்தால் என்ன? முன்கதைச் சுருக்கமும் இனி ஒரு நிமிடத்துக்குள் அடங்கட்டும். பழையதை நினைவூட்டவேண்டியது மூன்று மாத இடைவெளிக்குப் பின் வரும் முதல் எபிசோடுக்குத்தான்.

கடைசியாக லூஃபி குழுவின் ராபினும், சிறுவயதில் அவளைக் காத்த ராட்சதர் சவுலும்.

ராபின் பிறந்த ஒஹாரா தீவு எரிந்து 22 ஆண்டுகள். எட்டு வயதில் தனியே தப்பி, படகில் அழுதபடியே சவுல் கற்றுத்தந்த சிரிப்பைச் சிரித்துப் பார்த்த குழந்தை அவள். 1066ஆம் அத்தியாயத்தில் அவர் உயிரோடிருப்பது தெரிந்தது. எல்பாஃபில், அவர் அடையாளம் கண்டுகொள்ளவேண்டும் என்று சிறுவயதை நினைவூட்டும்படி முடி வெட்டிக்கொண்டு போகிறாள். மாங்காவில் அந்தச் சந்திப்பு சில பக்கங்கள்தான். உங்களுக்கு நீட்டத் தோன்றும். ஒஹாரா காட்சிகள் கைவசம் இருக்கின்றன, பாடலும் இருக்கிறது. தயவுசெய்து பழைய காட்சி எதையும் ஓட்டாதீர்கள். வேண்டுமானால் முந்தின எபிசோடில், அவள் முடி வெட்டிக்கொள்ளும் இடத்தில், ஒஹாராவை ஒரு நிமிடம் காட்டிவிடுங்கள். சந்திக்கும் அறையில் இசை வேண்டாம். அவர் மூச்சு, அவள் காலடி, அவ்வளவுதான். முதலில் கேட்கவேண்டியது அந்தச் சிரிப்பு.

அன்புடன்,
தமிழ்நாட்டிலிருந்து சில ஒன் பீஸ் வாசகர்கள்